அறுபது ரூபாய் மிச்சம்



கோடை விடுமுறை நெருங்கும்போது மக்தபுக்குப் பிள்ளைகளை அழைத்து வரும் பெற்றோர் சிலர் எங்களிடம் கேட்பதுண்டு. "உஸ்தாத், பிள்ளைகள கொச்சி பார்க்குக்குக் கூட்டிட்டுப் போகலாம்னு இருக்கோம். நீங்க போய்ட்டு வந்தீங்களே, குறைஞ்ச வாடகையில எங்க தங்குனீங்க?" ஒரு விடுதியின் பெயரைச் சொல்லிவிட்டால் அவர்கள் மகிழ்ந்து போய்விடுவார்கள். ஆனால் எங்களிடம் சொல்லுவதற்கு இருப்பது பெயரன்று, ஒரு கணக்கு. வாசலில் நின்றபடி சொல்லி முடிக்கும் அளவுக்கு அது சிறியதும் அன்று. அதனால் இங்கே எழுதுகிறோம்.

கொச்சியின் கிழக்கே, காக்கநாட்டைத் தாண்டிப் பள்ளிக்கரையில் இருக்கிறது வொண்டர்லா பூங்கா. வி-கார்டு நிறுவனத்தை உருவாக்கிய கொச்சௌசேப் சிட்டிலப்பிள்ளி 2000ஆம் ஆண்டில் அதை 'வீகாலேண்ட்' என்ற பெயரில் தொடங்கினார். எங்கள் வயதுடையோர் பலர் இன்றும் அந்தப் பழைய பெயரையே சொல்கிறார்கள். தென்மாவட்டங்களில் வாழும் எங்களுக்கு அது ஓர் இரவு ரயில் பயணத் தொலைவுதான். மத்ரஸா ஊதியத்தில் வாழும் குடும்பம் அங்கே போவதென்றால் திட்டமிட வேண்டும். மாதம் 500 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகள் ஒதுக்கி வைத்தோம். 2022 மே மாதம், பெருநாள் முடிந்து இரண்டு வாரங்களில் புறப்பட்டோம். நாங்கள் இருவர், 12 வயது மகள், 7 வயது மகன், எங்கள் உம்மா என ஐந்து பேர்.

உம்மாவுக்கு அப்போதே முழங்கால் தேய்மானம் இருந்தது. நாற்காலியில் அமர்ந்துதான் தொழுவார். "பேரப்பிள்ளைங்க விளையாடுறத ஒரு தடவ பார்த்துடணும்" என்பது அவர் விருப்பம். பயணத்தின் பெயரைச் சொன்ன நாளிலிருந்து பிள்ளைகளைவிட அவரே அதிகம் காத்திருந்தார் என்று சொல்லலாம்.

தங்குமிடம் தேடியபோது இறுதியில் இரண்டு விடுதிகள் எஞ்சின. ஒன்று மட்டாஞ்சேரியின் பழைய தெரு ஒன்றில் இருந்தது. நால்வர் தங்கும் அறைக்கு நாளொன்றுக்கு 900 ரூபாய். அருகில் பள்ளிவாசல்கள் உண்டு, ஹலால் உணவுக்குக் குறையில்லை, கடலும் தொலைவில் இல்லை. மற்றொன்று காக்கநாட்டில், பூங்காவிலிருந்து ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. அங்கே 1,500 ரூபாய், காலை உணவு அதிலேயே அடங்கும், மின்தூக்கி உண்டு. 900 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் 1,500 என்ற எண்ணை வைத்தவுடன் எங்களுக்கு வேறு எதுவும் தெரியவில்லை. இரண்டு இரவுகளுக்கு 1,200 ரூபாய் மிச்சமாகும். அதில் ஒரு மாத மளிகையில் பாதியை வாங்கிவிடலாம். மட்டாஞ்சேரியையே தேர்ந்தெடுத்தோம். வீண்விரயம் செய்யாதவர்கள் என்ற மனநிறைவும் கூடவே வந்தது.

திருநெல்வேலியில் பாலருவி எக்ஸ்பிரஸில் ஏறினோம். ஆரியங்காவுக்கும் தென்மலைக்கும் இடையில் வரும் பதின்மூன்று கண் பாலத்தைப் பார்க்க வேண்டுமென்று பிள்ளைகள் விழித்தே இருந்தார்கள். இருட்டில் ஒன்றும் தெரியவில்லை. அதையும் அவர்கள் சிரிப்பாக்கிக்கொண்டார்கள். காலையில் எர்ணாகுளத்தில் இறங்கி விடுதிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

வரவேற்பு மேசையில் இருந்தவர் ஆதார் அட்டைகளை வாங்கிப் பதிவேட்டில் எழுதினார். பிறகு மகனைப் பார்த்து, "மோனுக்கு எத்தர வயசு?" என்றார். ஐந்து வயது வரை கட்டணமில்லை என்றும், அதற்கு மேலென்றால் கூடுதல் ஆளுக்கு நாளொன்றுக்கு 200 ரூபாய் என்றும் சுவரில் எழுதி ஒட்டியிருந்தது. நாங்கள் அதைப் படித்துவிட்டோம். அதுவே பிழையாயிற்று. "அஞ்சு" என்றோம். சொன்னது ஒரு வாய். மறுக்காமல் நின்றது மற்றொரு வாய். ஆகவே இதில் "நாங்கள்" என்று எழுதுவதே சரி. அவர் பையனை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் எழுதிக்கொண்டார். மகன் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அறை மூன்றாம் மாடியில் இருந்தது. மின்தூக்கி இல்லை. தொலைபேசியில் பேசியபோது அதை நாங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர்கள் சொல்லியிருப்பார்கள். அது குறுகலான, செங்குத்தான படிக்கட்டு. உம்மா ஒரு கையால் கைப்பிடியையும் மறுகையால் பேத்தியின் தோளையும் பிடித்துக்கொண்டு ஏறினார். அறைக்குள் வந்ததும், "காத்து நல்லா வருது" என்றார். அவர் குறை சொல்லும் வழக்கம் அப்படித்தான். சொல்லவே மாட்டார்.

அன்று மாலை கடற்கரைக்குப் போகலாம் என்று கிளம்பினோம். ஃபோர்ட் கொச்சியில் சீன வலைகள் நீரில் இறங்கி ஏறுவதைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்பது திட்டம். உம்மா, "நீங்க போயிட்டு வாங்க வாப்பா. நான் தஸ்பீஹ் ஓதிக்கிட்டு இருக்கேன்" என்றார். களைப்பாக இருக்கும் என்று எண்ணி விட்டுவிட்டோம். மூன்று மாடி இறங்கினால் மூன்று மாடி ஏற வேண்டும் என்பதை அவர் எண்ணியிருந்தார், நாங்கள் எண்ணவில்லை.

மறுநாள் பூங்காவுக்கு ஒரு வாடகைக் கார் பிடித்தோம். மட்டாஞ்சேரியிலிருந்து பள்ளிக்கரைக்கு நகரத்தையே குறுக்காகக் கடக்க வேண்டும். கொச்சி மெட்ரோ 2017இல் ஓடத் தொடங்கியதுதான். ஆனால் அது பூங்கா வரை செல்வதில்லை. போக 750, வர 750. நுழைவுச்சீட்டு வாங்கும் வரிசையில் நின்றபோது மகன் எங்கள் கையை இழுத்தான். காதருகே வந்து, ஒரு நல்ல பிள்ளை ஒத்துழைக்கும் குரலில் கேட்டான்:

"வாப்பா, இங்க எனக்கு எத்தனை வயசு?"

அந்தப் பூங்காவில் சிறுவர் கட்டணத்துக்கு வயதைக் கேட்பதில்லை, உயரத்தை அளக்கிறார்கள். ஆகவே எங்களுக்கு விடை சொல்லும் தேவை நேரவில்லை. ஆனால் அந்த நாள் முழுவதும் அந்தக் கேள்வி எங்களோடு நடந்தது. வாரத்தில் ஆறு நாள் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து, விளையாட்டுக்குக்கூடப் பொய் பேசக்கூடாது என்று பாடம் நடத்துகிறவர்கள் நாங்கள். அந்த வரிசையில் எங்கள் மகனும் உட்காருகிறான்.

பூங்காவில் உம்மா நிழலான இருக்கையில் அமர்ந்து, பேரப்பிள்ளைகள் நனைந்து கத்துவதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் விரும்பியது நடந்தது, அல்ஹம்துலில்லாஹ். மாலையில் விடுதிக்குத் திரும்பினோம். ஈரத்துணிப் பைகளோடு பிள்ளைகள் மேலே ஓடினார்கள். நாங்கள் அறைக் கதவைத் திறந்து விளக்கைப் போட்ட பிறகுதான் உம்மா வரவில்லை என்பது தெரிந்தது. இறங்கிப் பார்த்தோம். இரண்டாம் மாடித் திருப்பத்தில், படியிலேயே உட்கார்ந்திருந்தார். மகள் பக்கத்தில் உட்கார்ந்து அவர் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"நீங்க போங்க. நான் கொஞ்ச நேரம் இங்கயே இருக்கேன். இங்கயும் காத்து வருது" என்றார்.

மேலே போய்ச் சேர அரை மணி நேரம் ஆயிற்று. மூன்றாம் நாளும் அவர் எங்கும் வரவில்லை. ஊருக்குக் கிளம்பும்போதுதான் இறங்கினார்.

வீடு வந்து சேர்ந்த வாரத்தில் மகள் மற்றொன்றைச் சொன்னாள். அந்த அறையில் இருந்தது குந்தி அமரும் கழிப்பறை. அதில் அமர்ந்து எழ முடியாது என்பதால், அந்த மூன்று நாளும் வாப்பும்மா தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டாராம். மே மாதக் கொச்சிப் புழுக்கத்தில். "உம்மா வாப்பாகிட்ட சொல்லிடாத, வருத்தப்படுவாங்க" என்று பேத்தியிடம் சொல்லியும் வைத்தாராம். நாங்கள் வாங்கிக் கொடுத்த தண்ணீர்ப் போத்தல்கள் திறக்கப்படாமல் அறையில் இருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வீணாக்கக் கூடாது என்று அவற்றைப் பையில் வைத்து ரயிலுக்கு எடுத்து வந்ததும் நாங்கள்தான்.

எங்கள் வீட்டில் வரவு செலவு எழுதுபவர் இல்லத்தரசி. பயணக் கணக்கை ஓர் இரவு விரித்து வைத்து எழுதினார். தேர்ந்தெடுக்காமல் விட்ட காக்கநாட்டு விடுதிக்கும் அருகிலேயே ஒரு பத்தி போட்டார். எர்ணாகுளம் ரயில் நிலையத்திலிருந்து இரண்டு விடுதிகளுக்கும் போய்வரும் செலவு ஏறத்தாழ ஒன்றே. நகரத்துக்குள் சுற்றியது பேருந்திலும் படகிலும் என்பதால் அதுவும் பெரிதாக மாறாது. ஆகவே அவற்றை விட்டுவிட்டு மற்றவற்றை எழுதினார்.

மட்டாஞ்சேரி: இரண்டு இரவு வாடகை 1,800. பூங்காவுக்குப் போய்வர 1,500. இரண்டு காலை உணவு, ஐந்து பேருக்கு 600. ஆக 3,900.

காக்கநாடு: இரண்டு இரவு வாடகை 3,000. அதற்கு அன்றைய 12 விழுக்காடு வரி 360. பூங்காவுக்கு இரண்டு ஆட்டோக்களில் போய்வர 600. காலை உணவுக்குத் தனிச் செலவில்லை. பத்து வயதுக்குட்பட்ட சிறுவருக்கும் கட்டணமில்லை என்று அவர்கள் சொல்லியிருந்தார்கள். ஆக 3,960.

அறுபது ரூபாய் மிச்சம்.

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். 1,200 என்று எண்ணியது 60 ஆகிவிட்டது. பிறகு அவர் பேனாவைக் கீழே வைக்காமலே, "இன்னும் முடியல. பிள்ளைக்குக் கொடுக்காம விட்ட 400 இருக்கே, அத எங்க எழுத?" என்று கேட்டார்.

அது மனிதர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடமை சார்ந்தது. அடியார்களின் உரிமையை எடுத்துக்கொண்டால், இறைவனிடம் மன்னிப்புக் கேட்பது மட்டும் போதாது, உரியவரிடம் அதைச் சேர்க்கவும் வேண்டும் என்பதைக் கற்றவர்கள் நாம். கற்பிக்கிறவர்களும்கூட. மறுநாள் அந்த விடுதிக்குத் தொலைபேசியில் அழைத்தோம். மகனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே பேசினோம். "உங்கள் விடுதியில் தங்கியபோது மகனுடைய வயதைக் குறைத்துச் சொல்லிவிட்டோம், 400 ரூபாய் தர வேண்டும்" என்றோம். அந்த மனிதருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சிரித்தார். "அது சாரமில்லா" என்றார். எங்களுக்குச் சாரம் இருக்கிறது என்றோம். கைப்பேசி வழியாகப் பணம் அனுப்பும் எண்ணைத் தந்தார். அனுப்பும் பொத்தானை மகன்தான் அழுத்தினான். "நாங்க தப்பா சொன்னோம்டா. உனக்கு ஏழு வயசுதான். எங்க போனாலும் ஏழுதான்" என்றோம். அவன் தலையாட்டிவிட்டு விளையாடப் போய்விட்டான். அவன் மனத்தில் எது தங்கியது என்பது அல்லாஹ்வுக்கே தெரியும்.

இப்போது கணக்கு இப்படி நின்றது: மட்டாஞ்சேரி 4,300, காக்கநாடு 3,960. மலிவென்று எண்ணிப் போன இடம் 340 ரூபாய் அதிகம். உம்மாவின் முழங்காலுக்காக மருத்துவருக்கும் தைலத்துக்கும் கொடுத்ததை இல்லத்தரசி இதில் சேர்க்கவில்லை. சேர்க்க வேண்டாம் என்று நாங்களும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

அன்பானவர்களே, திருக்குர்ஆனின் 25ஆம் அத்தியாயமான அல்ஃபுர்கான், ரஹ்மானின் அடியார்களுடைய பண்புகளை எடுத்துரைக்கிறது. செலவிடும்போது வரம்பு மீறாமலும் கையை இறுக்கிக்கொள்ளாமலும் இரண்டுக்கும் நடுவே நிற்பது அவற்றுள் ஒன்று. இந்த வசனத்தை விளக்கும்போது நாங்கள் எப்போதும் முதற்பாதியைத்தான் நீட்டிப் பேசி வந்திருக்கிறோம். திருமண விருந்துகளின் ஆடம்பரம், தேவையற்ற கைப்பேசி, அலங்கார விளக்குகள். கையை இறுக்குவது பற்றிய பாதி எங்களுக்குப் பொருந்தும் என்று எண்ணியதே இல்லை. குறைந்த ஊதியம் பெறுகிறவர் கஞ்சத்தனத்துக்கு எங்கே போவார் என்ற நினைப்பு. ஆனால் ஒருவர் தம் கையை இறுக்கும்போது வலி வேறொருவருடைய காலில் ஏற்படக்கூடும் என்பதை அந்தப் படிக்கட்டில் கண்டோம். நாங்கள் மிச்சம் பிடித்தோம். அதை உம்மா கட்டினார். மகனும் ஒரு பங்கு கட்டினான்.

சிக்கனம் குற்றமென்று சொல்ல வரவில்லை. அந்த மட்டாஞ்சேரி விடுதியும் கெட்ட விடுதியன்று. அறை தூய்மையாகவே இருந்தது, கேட்டதைத் தந்தார்கள். காலில் வலுவுள்ள நான்கு இளைஞர்கள் கடலைப் பார்க்க வந்தால் அவர்களுக்கு அதைவிட ஏற்ற இடம் இருக்காது. பூங்காவுக்கென்று, முழங்கால் வலியுள்ள ஒரு மூதாட்டியோடு வந்த எங்களுக்குத்தான் அது பொருந்தவில்லை. அறையின் வாடகையைக் கேட்ட நாங்கள், எங்கள் குடும்பத்தில் மிகவும் இயலாதவர் யார், அவருக்கு அந்த அறை எப்படி இருக்கும் என்று கேட்காமல் விட்டோம்.

இவ்வாண்டு போகிறவர்களுக்கு உதவும் என்பதால், இப்போது நாங்கள் கேட்கும் கேள்விகளை எழுதுகிறோம். இணையத்தில் படம் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்ளாமல் விடுதிக்கே அழைத்துப் பேசுங்கள்.

முதலாவது, பூங்கா வாசலிலிருந்து எத்தனை கிலோமீட்டர்? "நகரத்தின் மையத்தில்" என்ற சொல் உங்களுக்கு உதவாது. உங்கள் குடும்பம் ஓர் ஆட்டோவில் அடங்குமா, இரண்டு வேண்டுமா, கார் வேண்டுமா என்று பார்த்து, போய்வரும் செலவை வாடகையோடு கூட்டுங்கள். பெங்களூருவுக்குப் போகிறவர்களுக்கு, பிடதி அருகே உள்ள வொண்டர்லாவை ஒட்டியே அவர்களுடைய தங்கும் விடுதி இருக்கிறது. அங்கே வண்டிச் செலவு இல்லை, வாடகை கூடுதல். அதையும் இதே முறையில் கூட்டிப் பார்த்து முடிவு செய்யலாம்.

இரண்டாவது, மின்தூக்கி உண்டா, அல்லது தரைத்தளத்தில் அறை தருவார்களா? கழிப்பறை எவ்வகை? முதியோர் வருகிறார்கள் என்றால் இந்த இரண்டையும் வாடகைக்கு முன்னரே கேளுங்கள். அமர்ந்து தொழுவதற்குக் கைப்பிடியில்லாத உறுதியான நாற்காலி ஒன்று கிடைக்குமா என்றும் கேட்கலாம். கேட்டால் பெரும்பாலும் தந்துவிடுகிறார்கள்.

மூன்றாவது, சொல்லும் தொகையில் வரி அடங்குமா? காலை உணவு உண்டா? எந்த வயதிலிருந்து கூடுதல் ஆள் கட்டணம்? 1,000 ரூபாய்க்குக் குறைந்த அறைகளுக்கு முன்பு வரி இல்லை. 2022 ஜூலையில் அந்த விலக்கு நீங்கியது. 2025 செப்டம்பர் முதல் 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு வரி 12இலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்துள்ளது. பிள்ளையின் வயதை உள்ளபடி சொல்லிவிட்டு, அதற்குரிய தொகையையும் சேர்த்தே விடுதிகளை ஒப்பிடுங்கள். உண்மை வயதுக்கு எது மலிவு என்பதே நமக்குத் தேவையான விடை.

நான்காவது, அறை எத்தனை மணிக்குக் கிடைக்கும், எத்தனை மணிக்கு விட வேண்டும்? சில விடுதிகளில் வந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம். சிலவற்றில் நண்பகல் 12 மணி கணக்கு. இரவு ரயிலில் போய்க் காலையில் இறங்குகிறவர்களுக்கு இந்த வேறுபாடு அரை நாள். அறையை விட்ட பிறகு பைகளை வைத்திருப்பார்களா என்பதையும் கேளுங்கள். வெறும் பைகளுக்காக ஓர் இரவு வாடகை கொடுத்தவர்களை அறிவோம்.

ஐந்தாவது, விடுதியோடு மதுக்கூடம் இணைந்திருக்கிறதா? பெண்பிள்ளைகளோடு இரவு நடமாட ஏற்ற தெருவா? பள்ளிவாசல் நடந்து போகும் தொலைவில் உண்டா? கிப்லாவைப் பற்றிக் கவலை வேண்டாம்; கொச்சியிலும் நம் ஊரைப் போலவே மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்து நின்றால் போதும். பயணியருக்குரிய கஸ்ர், ஜம்உ சலுகைகளை அறிந்துகொண்டு புறப்பட்டால் பூங்கா நாளில் தொழுகை தவறாது. நீர் விளையாட்டுகளில் பருத்தி ஆடையோடு விட மாட்டார்கள். உடலை முழுவதும் மறைக்கும் நைலான் வகை ஆடையை முன்பே வாங்கிக்கொள்ளுங்கள். அதை உலர்த்த அறையில் இடமுண்டா என்பதும் சிறிய கேள்விதான். இரவில் அதன் அருமை தெரியும்.

இவ்வளவும் கேட்ட பிறகு பணம் போதவில்லை என்றால் என்ன செய்வது? இரண்டு இரவை ஓர் இரவாக்குங்கள். கூட்டம் மிகுந்த வார இறுதியை விட்டு வார நாளில் போங்கள். ஓர் ஆண்டு தள்ளிப் போடுங்கள். குடும்பத்தின் இயலாதவருடைய வசதியைக் கடைசியாகக் குறையுங்கள், முதலில் அன்று.

மூன்று ஆண்டுகள் கழித்து, 2025 மே மாதத்தில் மீண்டும் போக எண்ணினோம். வீட்டில் பேச்சு எடுத்தவுடன் உம்மா, "நான் வரல வாப்பா. என்னால உங்களுக்குச் செலவு" என்றார். கோபமோ வருத்தமோ இல்லாமல், ஒரு நடைமுறையைச் சொல்லும் குரலில் சொன்னார். முதற்பயணத்தில் அவர் கற்றுக்கொண்டது அது. அதைக் கற்றுக் கொடுத்தவர்கள் நாங்கள். அன்றிரவு எங்களுக்கு உறக்கம் வரவில்லை.

அவரிடம் வாதாடவில்லை. மறுநாள் அஸருக்குப் பிறகு அவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, கைப்பேசியின் ஒலியை உயர்த்தி வைத்துக்கொண்டு விடுதிகளுக்கு அழைத்தோம். பேசியவன் மகன். பத்து வயதாகிவிட்டது, பேசுவதில் விருப்பம் அதிகம். "எங்க வாப்பும்மாவுக்கு முட்டு வலி. கீழ் ரூம் இருக்கா? வெஸ்டர்ன் டாய்லெட்டா?" என்று கேட்டான். முதல் விடுதியில் இல்லை. இரண்டாவதில் மின்தூக்கி பழுது. மூன்றாவது, காக்கநாட்டில் தரைத்தள அறை இருந்தது. 1,900 ரூபாய், காலை உணவோடு. "பிள்ளைகள் உண்டா?" என்று அவர்கள் கேட்டார்கள். அவன் எங்களைப் பார்க்கவில்லை. "அக்காவுக்குப் பதினஞ்சு. எனக்குப் பத்து" என்றான். அப்படியானால் கூடுதலாக 300 என்றார்கள். "சரி" என்றான். வரியோடு 2,464 ரூபாய். ஓர் இரவு மட்டும் பதிவு செய்தோம். உம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். மாலையில் தம் பையை எங்கே வைத்தோம் என்று மகளிடம் விசாரித்ததாக அறிந்தோம்.

இம்முறை காலையில் போய்ச் சேர்ந்ததும் அறை கிடைத்தது. காலியாக இருந்தால் தருகிறோம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். குளித்து, உண்டு, பூங்காவுக்கு ஆட்டோவில் போய் மாலையில் திரும்பினோம். ஏற வேண்டிய படி ஒன்றுமில்லை. மறுநாள் காலையில் காக்கநாட்டிலிருந்து வைட்டிலா வரை நீர்வழி மெட்ரோவில் போனோம். 2023இல் தொடங்கிய மின்படகு அது. ஏறும் மேடை நீரில் மிதப்பதால் படகின் தளத்தோடு சமமாகவே நிற்கிறது. உம்மா யாருடைய தோளையும் பிடிக்காமல் நடந்து ஏறினார், சன்னலோரம் அமர்ந்தார். தென்னை மரங்கள் பின்னால் போய்க்கொண்டிருந்தன. சிறிது நேரம் கழித்து மகளின் பக்கம் கையை நீட்டினார்.

"புள்ள, அந்தத் தண்ணியக் கொடு."

பிஸ்மில்லாஹ் சொல்லி, அந்தப் போத்தலில் பாதிக்கு மேல் குடித்தார். பேத்தி எங்களைப் பார்த்தாள். நாங்கள் நீரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நம் செலவுகளில் நடுநிலையையும், நம் சொற்களில் உண்மையையும், பெற்றோரிடம் கனிவையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக. பயணம் புறப்படும் குடும்பங்களை அவன் நலமாகக் கொண்டுபோய் நலமாகத் திருப்பிச் சேர்ப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.